யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலக்கீழ் நீரும் அரச ஆய்வுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என்று பெயர் பெற்றது மாரி காலத்தில் மட்டும் பெருகி, மழை ஓய்ந்ததும் வற்றிவிடும். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்திற்கு இறைப்பதற்கும் இப்பிரதேச மக்கள் நம்பியிருப்பது தரைக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லில் தங்கியிருக்கும் நீரையே. அந்நீர் எவ்வளவு உண்டு, அதனைப் பெருக்குவது எவ்வாறு, அது பருகுவதற்கு உகந்ததா என்னும் மூன்று வினாக்களும் கடந்த நூற்றாண்டு முழுவதும் பல்வேறு வடிவங்களில் அரசின் முன் வைக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றுக்கு விடை காண அரச பணம் செலவிடப்பட்டது. திணைக்களங்களும் சபைகளும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகளை மேற்கொண்டன. அணைகள் சில கட்டப்பட்டன. ஆயினும் இன்றும் அதே வினாக்கள் எழுப்பப்படுகின்றன.

இந்நிலைக்கு ஆய்வுப் பற்றாக்குறையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. வரலாற்றை நோக்குமிடத்து அக்கூற்று முழுமையாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை. அடிப்படையான உண்மைகள் பல உரிய காலத்திலேயே கண்டறியப்பட்டன, எச்சரிக்கைகளும் விடுக்கப்பட்டன. குறைவாக இருந்தது தொடர்ச்சியே. ஓர் ஆய்வு அறிக்கையோடு முடிவடைந்தது. அடுத்த ஆய்வு மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கிற்று. இக்கட்டுரை அவ்வரலாற்றினைச் சுருக்கமாக ஆராய முயல்கின்றது.

நிலத்தின் இயல்பு

குடாநாட்டின் அடித்தளம் மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல்லாகும். ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இந்நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலேயே உள்ளது. ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர். அதன் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைத்துவிடுகின்றது. மீதி மாதங்களுக்கு வேண்டிய நீரைச் சேமித்து வைக்கும் பாத்திரமாக அமைந்தது இச் சுண்ணாம்புக்கல்லே. மழைநீரில் கரைந்து கரைந்து இக்கல்லில் வெடிப்புக்களும் குகைகளும் சுரங்க வழிகளும் தோன்றியுள்ளன. ஆகவே நீர் விரைவாக உட்செல்கின்றது. அதே விரைவில் கடலை நோக்கி வெளியேறவும் செய்கின்றது. கீரிமலையிற் கடலோரத்தில் ஊறும் நன்னீர் ஊற்று இவ்வெளியேற்றத்தின் கண்கூடான சான்றாகும்.

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளில் நன்னீர் தனித்தனிப் படுகைகளாக அமைந்துள்ளது. ஒவ்வொன்றும் ஒரு வில்லையின் வடிவில் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்தது. ஆதலின், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடன் கைபனும், 1901 இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே எடுத்துரைத்த இவ்விதி, தீவுகளிலும் கடற்கரை நாடுகளிலும் நிலக்கீழ் நீர் ஆய்வுக்கு அடிப்படையாயிற்று. வெடிப்புக்கள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் இவ்விகிதம் இடத்துக்கிடம் வேறுபடுமாயினும் அதன் கருத்து தெளிவானது. மேலே நீர்மட்டம் ஓர் அடி தாழுமாயின், கீழே உவர்நீர் அதனிலும் பன்மடங்கு மேலெழும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நன்னீராகவும் ஆழம் உவர்நீராகவும் இருப்பது இந்த ஒழுங்கை எவரும் காணக்கூடியதாக வைத்திருக்கின்றது.

குடாநாட்டின் பழைய வேளாண்மை இந்த ஒழுங்கோடு பெரிதும் இசைந்தே நடந்தது. துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க மற்றொருவர் பட்டையைக் கவிழ்த்து இறைத்த காலத்தில், எடுக்கப்படும் நீரின் அளவை மனித உடலின் வலுவே வரையறுத்தது. ஊர்தோறும் அமைந்த குளங்களும் கேணிகளும் மாரி வெள்ளத்தைத் தேக்கி நிலத்துக்குள் இறங்கச் செய்தன. மாட்டெருவும் குழையும் மெதுவாகவே மண்ணிற் கரைந்தன. அக்கால உழவர் நீர்வில்லை பற்றிய விதியை அறிந்திருக்க வேண்டிய தேவை எழவில்லை. அவ்விதியை மீறுவதற்கான கருவி அவர்களிடம் இருக்கவில்லை.

முதல் ஆய்வுகள்

குடியேற்றவாத அரசின் கீழ் 1903 இல் கனிப்பொருள் அளவை நிறுவப்பட்டு, ஆனந்த குமாரசுவாமி அதன் பணிப்பாளராகக் கடமையாற்றினார். அதன் கவனம் பெரும்பாலும் பொருளாதாரப் பயனுள்ள கனியங்கள்மீதே சென்றது. எனினும் இந்நிறுவனத்தைச் சார்ந்து பணியாற்றிய வேலண்ட், டேவிஸ் என்பவரோடு இணைந்து 1923 இல் வெளியிட்ட கட்டுரை, இலங்கையின் வடபகுதிச் சுண்ணாம்புக்கல் மயோசின் காலத்துக்குரியது என்பதை உயிர்ச்சுவடுகளின் துணைகொண்டு நிலைநாட்டியது. நீரைத் தேடிச் செய்யப்படாத ஓர் ஆய்வு நீராய்வுக்கு அடித்தளமானமை இங்கு கவனிக்கத்தக்கது.

சுதந்திரத்தின் பின்னர் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த சிறிமான முதலியோர் நீர்வழங்கலுக்குப் புவிச்சரிதவியல் எவ்வாறு துணைசெய்யும் என்பதை எடுத்துரைக்கலாயினர். 1964 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீர்வள சபை உருவாக்கப்பட்டமை இத்துறையில் ஒரு திருப்பமாகும். நாட்டின் நீர்வளத்தை முழுமையாக நோக்கித் திட்டமிடுவதற்கென ஒரு நிறுவனம் முதன்முறையாக எழுந்தது. பாலேந்திரன், சிறிமான, ஆறுமுகம் ஆகிய மூவரும் எழுதி, 1968 இல் அச்சபை வெளியிட்ட யாழ்ப்பாண நிலக்கீழ் நீர் பற்றிய அறிக்கை, அதுவரை சிதறிக் கிடந்த செய்திகளை ஒருங்கு திரட்டியது. புவிச்சரிதவியலாளரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் ஒரே அறிக்கையிற் சேர்ந்து எழுதியமை அதன் சிறப்பு. பிற்கால ஆய்வாளர் பலரும் அதனையே தமது தொடக்கப் புள்ளியாகக் கொண்டனர்.

ஆனால் அவ்வறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, கொழும்பில் வெளியிடப்பட்டது. கிணற்றுக்கு இயந்திரம் பூட்டிக்கொண்டிருந்த உழவனுக்கு அதன் செய்தியைத் தமிழிற் கொண்டுசெல்லும் கடமை எந்த நிறுவனத்துக்கும் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கவில்லை. மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைப்பு இயந்திரங்கள் தோட்டந்தோறும் பரவியபோது, துலாவின் காலத்து எல்லை மறைந்துபோயிற்று. நாள் முழுவதும் இருவர் இறைத்த நீரை இயந்திரம் சிறிது நேரத்தில் இறைத்தது. கரையோரக் கிணறுகள் சிலவற்றிற் கோடையில் நீர் உவர்த்தது. உழவர் அதனைக் கிணற்றின் குறையாகக் கருதினர். சிலர் மேலும் ஆழப்படுத்தினர். ஆழப்படுத்துவது உவர்நீரைக் கிட்டச் செய்யும் என்பது 1968 ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தவர்க்கு விளங்கும். படித்தவர் சிலரே.

கடல்நீரேரியை நன்னீராக்கும் எண்ணம்

நிலக்கீழ் நீரை அளந்தோர் ஒருபுறமிருக்க, அதனைப் பெருக்க வழி தேடியோரும் இருந்தனர். குடாநாட்டின் உள்ளே புகுந்திருக்கும் கடல்நீரேரிகளில் மாரிக்காலத்தில் பெருமளவு நன்னீர் சேர்ந்து வீணே கடலிற் கலக்கின்றது. அந்நீரைத் தடுத்து நிறுத்தினால் உவர்ப்பு ஆண்டுதோறும் குறைந்து, காலப்போக்கில் ஏரி நன்னீராகும். அருகிலுள்ள கிணறுகளும் பயன்பெறும். இவ்வெண்ணம் சுதந்திரத்துக்கு முன்னரே பேசப்பட்டதாயினும், அதற்கு முழுமையான திட்ட வடிவம் கொடுத்தவர் நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் ஆவார். 1954 இல் அவர் முன்வைத்த திட்டம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என வழங்கலாயிற்று.

திட்டத்தின் தர்க்கம் எளிமையானது. வன்னிப் பெருநிலத்திலிருந்து கனகராயன் ஆறு முதலியன ஆனையிறவுக் கடல்நீரேரியில் வந்து விழுகின்றன. அந்நீர் கிழக்கே சுண்டிக்குளத்தின் வழியாகக் கடலை அடைகின்றது. சுண்டிக்குளத்திலும் ஆனையிறவிலும் தடுப்புக்கள் அமைத்து அந்நீரைத் தேக்குதல் வேண்டும். தேங்கிய நீரை முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளமான வாய்க்கால் ஒன்றின் மூலம் வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். வடமராட்சி ஏரிநீர் கடலிற் சேராதபடி தொண்டைமானாற்றிலும், உப்பாற்று ஏரிநீர் சேராதபடி அரியாலையிலும் கதவணைகள் அமைதல் வேண்டும். இவ்வாறாகப் பெருநிலத்தின் மழை குடாநாட்டின் நடுப்பகுதி வரை வந்து நின்று, நிலத்துக்குள் இறங்கும்.

தொண்டைமானாற்றுக் கதவணையும் அரியாலைக் கதவணையும் 1950 களில் அமைந்தன. ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் 1960 களில் வேலைகள் நடைபெற்றன. முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. ஒன்றோடொன்று பிணைந்த உறுப்புக்களைக் கொண்ட ஒரு திட்டத்தில் நடுவுறுப்பு இல்லாதபோது ஏனைய உறுப்புக்கள் தத்தம் சுற்றுப்புறத்துக்கு மட்டுமே பயன்தந்தன. சுண்டிக்குளத்து அணை வெள்ளத்தால் உடைந்தது. தொண்டைமானாற்றில் மரக்கதவுகள் உவர்நீரில் உக்கி, கசிவு ஏற்பட்டது. கதவுகள் செம்மையாக இருந்த காலத்தில் அயற் கிணறுகளும் வயல்களும் நலம்பெற்றன என்பது அப்பகுதி மக்களின் பொதுவான கூற்று.

இங்கு ஓர் ஆய்வுக் குறை வெளிப்படுகின்றது. கதவணை ஒரு கட்டிடம் மட்டுமன்று. அது ஒரு பெரும் பரிசோதனையுங்கூட. ஏரிநீரின் உவர்ப்பு ஆண்டுக்கு எவ்வளவு குறைந்தது, எத்தனை கிலோமீற்றர் தொலைவு வரை கிணறுகள் நன்னீராயின, கதவு கசிந்தபோது அந்நன்மை எத்தனை ஆண்டுகளில் அழிந்தது என்பவற்றைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அளந்திருந்தால், திட்டத்தின் மீதி உறுப்புக்களை முடிப்பதா கைவிடுவதா என்னும் விவாதத்துக்கு உறுதியான விடை கிடைத்திருக்கும். கட்டுவதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது போன்று, கட்டியதை அளப்பதற்கு ஒதுக்கப்படவில்லை. இதன் விளைவாக, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இத்திட்டத்தை ஆதரிப்போரும் மறுப்போரும் அளவீடுகளால் அன்றி நம்பிக்கைகளாலேயே வாதிட நேர்ந்தது.

செழிப்பின் மறுபக்கம்

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாண உழவருக்கு அது செழிப்பின் காலம். செம்மண் தோட்டங்களில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று பயிர்கள் விளைந்தன. யூரியா முதலிய இரசாயன உரங்கள் பெருமளவில் இடப்பட்டன. நீர் அடிக்கடி பாய்ச்சப்பட்டது. நீரை எளிதில் வடியவிடும் ஆழமற்ற மண்ணில், பயிர் உறிஞ்சாத நைதரசன், நைத்திரேற்றாக மாறிப் பாசன நீரோடு கீழே இறங்கிற்று. நைத்திரேற்றை மண் பற்றி வைத்திருப்பதில்லை. அது வெடிப்புக்களின் வழியே குடிக்கும் கிணற்றையே சென்றடைந்தது. வீட்டுக்கு வீடு கிணறும், அதன் அண்மையிலேயே மலக்குழியும் அமைந்த குடியிருப்பு முறை இதனை மேலும் பெருக்கியது.

1976 இல் பிரித்தானியப் புவிச்சரிதவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பொஸ்ரர், யாழ்ப்பாண நிலக்கீழ் நீரின் தரத்தைப் பேணுவதில் உள்ள சிக்கல் குறித்து ஓர் அறிக்கை எழுதினார். யாழ்ப்பாணப் பிரச்சினை நீரின் அளவு பற்றியது மட்டுமன்று, தரம் பற்றியதும் ஆகும் என்பதை அறிஞருலகம் அப்போதே அறிந்திருந்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியதன் பின்னர் உள்ளூரிலேயே ஆய்வு செய்யும் வாய்ப்பு உண்டாயிற்று. குடாநாட்டின் தெரிந்தெடுத்த இடங்களிற் கிணற்று நீரிலும் மண்ணிலும் உள்ள நைத்திரேற்று நைதரசன் பற்றி மகேஸ்வரனும் மகாலிங்கமும் செய்த ஆய்வு, 1983 இல் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. 1988 இல் விவசாயத் திணைக்களத்தின் ஆய்விதழில் நாகராஜாவும் பிறரும் யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளின் நீர்த்தரத்தை ஆராய்ந்து எழுதினர். இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் பேராதனையைச் சேர்ந்த திசாநாயக்கவும் வீரசூரியவும் தயாரித்த இலங்கையின் நீர்ப்புவி இரசாயனப் படத்தொகுதியை, அரசின் இயற்கைவள, சக்தி, விஞ்ஞான அதிகாரசபை வெளியிட்டது. மூன்று முயற்சிகளும் அரச பணத்தால் நிகழ்ந்தவை. மூன்றும் ஒரே முடிவையே சுட்டின. செறிந்த பயிர்ச்செய்கை நடைபெறும் பகுதிகளிலுள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, பாதுகாப்பான எல்லையைக் கடந்திருந்தது.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, ஓர் இலீற்றர் நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதாகும். அதனை மிஞ்சும்போது முதலிற் பாதிப்புறுவோர் புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகள். குருதியின் ஒட்சிசன் காவும் ஆற்றல் குறைந்து குழந்தையின் உடல் நீலநிறம் அடையும். ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிணறுகளைக் கொண்டு 1945 இல் இந்நோயின் காரணம் விளக்கப்பட்டது. நீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று அகலாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். ‘கொதித்தாறிய நீரைப் பருகுக’ என்று தலைமுறையாகக் கற்பிக்கப்பட்ட சுகாதாரப் பாடம் இங்கே போதாதாயிற்று. ஆய்விதழில் இருந்த செய்தி தாய்மாரை அடையாமற் போனமை ஒரு நிர்வாகக் குறை மட்டுமன்று. அதன் விலையைச் செலுத்துவோர் பேசத் தெரியாத குழந்தைகள்.

தடைப்பட்ட காலம்

1983 இன் பின்னர் தீவிரமடைந்த போர் 2009 வரை நீடித்தது. அணைகளும் கதவுகளும் கவனிப்பாரின்றிக் கிடந்தன. ஆனையிறவு போர்க்களமாயிற்று. கரையோரத்திலும் வலிகாமம் வடக்கிலும் பரந்த நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் அடங்கியது. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் பேரளவில் இடம்பெயர்ந்தனர். கொழும்பிலிருந்த திணைக்களங்களின் கள ஆய்வு பெரிதும் நின்றுபோயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் இயன்ற அளவு ஆய்வைத் தொடர்ந்தனராயினும், இரசாயனப் பொருள்களும் கருவிகளும் மின்சாரமும் அரிதாயிருந்த சூழலில் அது எளிதன்று.

இக்காலத்தின் ஓர் இயல்பு ஆய்வாளர் நோக்கிற் குறிப்பிடத்தக்கது. 1990 களிற் குடாநாட்டுக்கு யூரியாவும் எரிபொருளும் எடுத்துச் செல்வது தடைசெய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருந்தது. உரமும் இறைப்பும் ஒருங்கே குறைந்தால் நீர்வில்லை எவ்வளவு காலத்தில் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் என்னும் வினாவுக்கு விடையளிக்கக்கூடிய சூழல், எவரும் விரும்பாத வகையில், அப்போது தோன்றியிருந்தது. அதனைத் தொடர்ச்சியாக அளந்து பதிவு செய்வதற்கேற்ற நிலைமை அன்று இருக்கவில்லை. மக்கள் துன்பத்தின் நடுவே தோன்றிய ஓர் அரிய அறிவும் அவர்களுக்குப் பயன்படாமலே போயிற்று. 2004 மார்கழியில் வந்த ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிணறுகளை உவராக்கியபோதும் இதே குறை தலைதூக்கிற்று. மீட்சி எத்தகையது என்று அறிய, முன்னைய நிலை எத்தகையது என்பது தெரிந்திருத்தல் வேண்டும்.

சுன்னாகமும் ஆய்வுகளின் முரண்பாடும்

போரின் பின்னர் நிலக்கீழ் நீர் மீண்டும் பொதுவிவாதத்தின் மையத்துக்கு வந்தது சுன்னாகத்தினாலாகும். அங்கிருந்த மின்னிலையத்தின் அயற் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் அது பெரும் போராட்டமாக வளர்ந்தது. அரச நிறுவனங்கள் நீர் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தன. வட மாகாண சபையும் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஓர் அறிக்கை மாசு உண்டென்றது. மற்றோர் அறிக்கை அச்சங்கொள்ளத் தேவையில்லை என்ற பொருளில் அமைந்தது. மக்கள் எதனை நம்புவது என்றறியாது, தாங்கி வண்டிகளில் வந்த நீருக்காக வரிசையில் நின்றனர்.

இறுதியில் இவ்விவகாரம் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2019 சித்திரையில் வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம், தனியார் மின்னுற்பத்தி நிறுவனமான நொதேர்ண் பவர் நிலக்கீழ் நீரை மாசுபடுத்தியமைக்குப் பொறுப்பு எனக் கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கென 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. சூழலை மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாடு இலங்கைச் சட்ட வரலாற்றில் வலுப்பெற்ற சந்தர்ப்பமாக இத்தீர்ப்பு கருதப்படுகின்றது. விஞ்ஞான வரலாற்றின் நோக்கிலோ இது வேறொரு பாடத்தைத் தருகின்றது. பகை மூண்ட பின்னர் எடுக்கப்படும் மாதிரி, எவ்வளவு திறமையாக எடுக்கப்பட்டாலும், ஒரு தரப்பின் சான்றாகவே கொள்ளப்படும். பகைக்கு முன்னரே ஆண்டுதோறும் எடுக்கப்பட்டு எவரும் பார்க்கக்கூடியதாக வைக்கப்பட்ட பதிவு அவ்வாறு கொள்ளப்படுவதில்லை. அத்தகைய பதிவு கைவசம் இருந்திருப்பின் அறிக்கைகளின் முரண்பாட்டைத் தீர்க்க அதுவே நடுநின்றிருக்கும்.

இரணைமடுவிலிருந்து தாளையடி வரை

நிலக்கீழ் நீரின் தரத்தில் ஏற்பட்ட ஐயமே குழாய் நீர்த் திட்டத்தை நோக்கி அரசைச் செலுத்தியது. ஆசிய அபிவிருத்தி வங்கி முதலியவற்றின் நிதியுடன் 2010 களின் தொடக்கத்தில் ஆரம்பமான யாழ்ப்பாண, கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம், இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவர எண்ணியது. கிளிநொச்சி உழவர் அதனை எதிர்த்தனர். போரினால் அனைத்தையும் இழந்து மீளக்குடியேறியிருந்த அவர்களுக்குச் சிறுபோக நெல்லுக்கே குளத்துநீர் போதாதிருந்தது. யாழ்ப்பாணத்தாரின் தாகமும் கிளிநொச்சியாரின் பசியும் ஒரே குளத்தின் முன் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. இவ்விணக்கமின்மையின் விளைவாகவே கடல்நீரை நன்னீராக்கும் மாற்றுவழி தெரிவுசெய்யப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுடைய தாளையடி நிலையம் 2024 ஆவணியில் திறந்துவைக்கப்பட்டது. அதிலிருந்து வெளியேறும் செறிந்த உவர்நீர் குறித்து வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளர் அச்சம் தெரிவித்திருந்தனர்.

இரணைமடுக் குளம் கனகராயன் ஆற்றின் குறுக்கே அமைந்தது. மாரியில் அது நிரம்பி வழியும் நீர் ஆனையிறவுக் கடல்நீரேரியையே சென்றடைகின்றது. 1954 ஆம் ஆண்டுத் திட்டம் தேக்க எண்ணியது இவ்வாறு குளத்தைக் கடந்துவரும் நீரையே. உழவனின் வாய்க்காலிலிருந்து எடுக்கப்படும் நீரையன்று. இவ்வேறுபாடு இரணைமடு விவாதத்தில் உரிய இடம்பெற்றதாகக் கூறமுடியாது. குழாய்நீர் குடிநீர்த் தேவையைத் தணிக்கக்கூடும். ஆனால் தோட்டங்கள் தொடர்ந்தும் கிணற்று நீரையே நம்பியுள்ளன. குடிநீர் வேறிடத்திலிருந்து வருகின்றது என்பதால் நிலக்கீழ் நீரின்மீதுள்ள அக்கறை தளருமாயின், உவர்ப்பும் நைத்திரேற்றும் தடையின்றிப் பெருகும்.

நிறுவனங்களும் பொறுப்பும்

மேற்கூறிய வரலாற்றில் ஒரு பொது இயல்பு புலப்படுகின்றது. கடல்நீரேரியும் அணையும் நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சார்ந்தவை. நிலக்கீழ் நீர் நீர்வள சபையைச் சார்ந்தது. குடிநீர், 1975 முதல் இயங்கும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. உரம் விவசாயத் திணைக்களத்தினது. மாசு, 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மத்திய சுற்றாடல் அதிகாரசபையினது. மலக்குழியோ உள்ளூராட்சி மன்றத்துக்கும் சுகாதார அதிகாரிக்கும் உரியது. நீரோ இப்பிரிவுகள் எதனையும் அறியாது. மழையாய் வீழ்ந்து, தோட்டத்தில் உரத்தைக் கரைத்து, மலக்குழியின் அருகே கசிந்து, கிணற்றில் ஊறி, கடலை அடையும் ஒரே நீரை ஆறு அலுவலகங்கள் ஆறு துண்டுகளாக நோக்கின. ஒவ்வொன்றும் தன் தேவைக்கேற்ற காலத்தில், தன் தேவைக்கேற்ற கிணற்றில், தன் தேவைக்கேற்ற கூறினை அளந்தது. அவ்வளவீடுகளை ஒன்றோடொன்று இணைத்து வாசிக்க இயலாமற் போனமையில் வியப்பில்லை.

தொடர் அளவீடு எப்போதும் பின்தள்ளப்படுவதற்குக் காரணம் விளங்கக்கூடியதே. அணை திறக்கப்படும்போது விழா உண்டு. அறிக்கை வெளியிடப்படும்போது கூட்டம் உண்டு. குறிப்பிட்ட ஐம்பது கிணறுகளில் ஒவ்வொரு மாதமும் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் நைத்திரேற்றையும் அளந்து குறித்துவைக்கும் பணிக்கு அவையொன்றும் இல்லை. ஓராண்டின் குறிப்பு எதனையும் நிரூபிப்பதில்லை. பத்தாண்டின் குறிப்பு சிலவற்றைச் சுட்டும். முப்பதாண்டின் குறிப்பு ஒரு பிரதேசத்தின் கொள்கையையே தீர்மானிக்கும். இத்தகைய பணியை ஓர் ஆய்வாளரின் பட்டத்துக்கான காலமோ, ஒரு வங்கிக் கடனின் காலமோ தாங்காது. அரசு ஒன்றே, அல்லது அரச பணத்தில் நிலைத்து நிற்கும் பல்கலைக்கழகம் ஒன்றே, அதனைத் தாங்க முடியும். பிரதேசச் சூழற் பிரச்சினைகளுக்கான ஆய்வில் அரச நிதி வேண்டப்படுவதன் தலையாய நியாயம் இதுவேயாகும்.

ஆகவே யாழ்ப்பாண நிலக்கீழ் நீரின் வரலாறு அறியாமையின் வரலாறு அன்று. 1954 இல் திட்டம் இருந்தது. 1968 இல் அறிக்கை இருந்தது. 1976 இலும் 1983 இலும் எச்சரிக்கை இருந்தது. அவற்றைக் கோத்து வைக்கும் நூல் இருக்கவில்லை. அந்நூல் மாதந்தோறும் எழுதப்படும் ஓர் அளவீட்டுப் பதிவு. தமிழில் எழுதப்பட்டு, பிரதேச சபையிலும் பாடசாலையிலும் கமக்காரர் அமைப்பிலும் எவரும் புரட்டிப் பார்க்கக்கூடிய பதிவு. அதற்கு வேண்டும் பணம் ஓர் அணைக்கு வேண்டும் பணத்தின் சிறு பங்கே. அதற்கு வேண்டும் காலமோ நீண்டது. இன்று தொடங்கினாலும் அதன் முழுப் பயனைக் காண்போர் இன்று பள்ளியிற் பயிலும் பிள்ளைகளாகவே இருப்பர். தொடங்காவிடின், அடுத்த சுன்னாகத்திலும் மக்கள் அறிக்கைகளுக்கிடையே நின்று, எதனை நம்புவது என்று கேட்டுக்கொண்டிருப்பர்.